மகாராணி சொல்லாத வார்த்தை

என் தங்கைக்கு மகாராணி என்று பெயர் வைத்தவர் எங்கள் அப்பா. இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் அறை ஒன்றில் அவள் பிறந்தபோது, இந்த லயத்துக்கு ஒரு மகாராணியாவது இருக்கட்டும் என்றாராம். பிறகு நாங்கள் கப்பலேறி ராமேசுவரம் வந்தோம். மண்டபம் முகாமில் இருந்தோம். அங்கிருந்து கொடைக்கானல் மலைக்கு அனுப்பினார்கள். பள்ளங்கி போகும் வழியில் ஒரு குடியிருப்பில் ஓட்டு வீடு கிடைத்தது. ஊர்க்காரர்களுக்கு நாங்கள் சிலோன்காரர்கள் ஆனோம். அவள் சிலோன் மகாராணி ஆனாள். தலையில் விறகுக் கட்டோடு அவள் இறங்கி வரும்போது, "மகாராணி வாராங்க, வழிய விடுங்கடா" என்று பையன்கள் கத்துவார்கள். அவள் கட்டை இறக்காமல் கழுத்தை மட்டும் இன்னும் நிமிர்த்திக்கொண்டு நடப்பாள்.

நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் தையல் பழகப் போனேன். அவளைப் பத்தாவது வரை படிக்க வைத்தோம். பிறகு மலையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவியாளாகப் பயிற்சி எடுத்தாள். எங்கள் குடும்பத்தில் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். அந்த வெள்ளைக் கோட்டு நான் தைத்ததுதான். அளவு எடுத்தபோது, "அண்ணே, பை பெருசா வைங்க" என்றாள். இரண்டு பக்கமும் பெரிதாகவே வைத்தேன். அந்தப் பையைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

1998இல், மழைக்காலத்தில், சண்முகசுந்தரி அம்மாள் குளியலறையில் விழுந்தார். ஆயக்குடியில் கொய்யாத் தோப்புகள் உள்ள குடும்பம் அது. கணவர் போன பிறகு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் தனியாக இருந்தார். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மகன் பாலமுருகனுக்குக் கோயம்புத்தூரில் கட்டடத் தொழில். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, ஒரு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவர் மகாராணியைக் கேட்டார். ஒரு மாதத்துக்கு என்று போனவள் ஒன்பது வருடம் இருந்தாள்.

அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். படுத்தே கிடப்பவர்களுக்கு முதுகிலும் குதிகாலிலும் புண் வரும். அந்த அம்மாளுக்குக் கடைசிவரை ஒரு புண் வரவில்லை. ஆயக்குடியிலிருந்து கொய்யாப்பழம் பெட்டியாக வரும். விதை தொண்டையில் சிக்கும் என்பதால், என்னிடம் மெல்லிய மல் துணி வாங்கிப் போய், அதில் வைத்துப் பிழிந்து கூழாகக் கொடுப்பாள். தலைமுடியை வெட்டிவிடலாம், சுலபமாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னபோது ஒத்துக்கொள்ளாமல், தினமும் சிக்கெடுத்துப் பின்னல் போட்டுவிட்டாள்.

தண்ணீர் கொடுப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. வாயின் வலது ஓரம் தொங்கிவிட்டதால் டம்ளரில் கொடுத்தது பாதி கழுத்தில் வழியும். எங்கள் வீட்டில் ஒரு மூக்குப்பேணி இருந்தது. பேணி என்றால் எங்கள் பேச்சில் குவளை. ஒரு பக்கம் மூக்கு மாதிரி குழாய் வைத்த பித்தளைக் குவளை அது. அப்பாவுக்குப் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்துக் கடைக்காரர், நாங்கள் கப்பலேறும் முன் கொடுத்தது. அதை மகாராணி எடுத்துக்கொண்டு போனாள். மூக்கை இடது கடைவாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது.

பேச்சு திரும்ப வேண்டுமானால் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் பேசினாள். எங்கள் பேச்சைத்தான் பேசினாள். அதனால் அம்மாளுக்குத் திரும்பி வந்த சொற்கள் எங்கள் சொற்களாக இருந்தன. ஒரு முறை பாலமுருகன் வந்திருந்தபோது, அம்மாள் டீ என்று சொல்லாமல் தேத்தண்ணி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் விழுந்து விழுந்து சிரித்து, "என்ன சிஸ்டர், எங்க அம்மாவ சிலோனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்களா?" என்றார்.

"பாஸ்போட்டு இல்லாமத்தான் சார் போனோம். போலீசுல சொல்லிராதீங்க" என்றாளாம் இவள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கடைக்கோ, மருந்து வாங்கவோ இவள் வெளியே கிளம்பினால் அம்மாளுக்குப் பயம் வந்துவிடும். நாற்காலியில் இருப்பவரின் நல்ல கை, அதாவது இடது கை, எதிரே நிற்பவளின் கோட்டில் வலப்பக்கப் பைக்கு நேராக வரும். அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அதற்கு மகாராணி ஒரு வழி கண்டுபிடித்தாள். "போயிட்டு" என்று பாதியைச் சொல்லிவிட்டு நிற்பாள். மீதியை அம்மாள் சொல்ல வேண்டும். "வா… ரேன்" என்று அவர் இழுத்து முடித்ததும் கை தானாகப் பையை விட்டுவிடும். அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே சொன்ன பிறகு அவருக்குச் சந்தேகம் இருக்காது. ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட அந்தச் சொல் பொய்யானதில்லை.

கோட்டுகள் மட்டும் கிழிந்து என்னிடம் வந்துகொண்டிருந்தன. நாம் கையை நுழைத்து நுழைத்து எடுக்கிற பை, வாயின் நடுவில் நைந்துபோகும். எதிரே இருந்து ஒருவர் பிடித்துத் தொங்கினால், வெளி ஓரத்து மேல்முனை பிய்யும். அவளுடையதெல்லாம் மேல்முனையில் பிய்ந்திருக்கும். உள்ளே துண்டுத் துணி கொடுத்து, அந்த முனைக்கு முக்கோணமாக இரட்டைத் தையல் போட்டேன். அதற்குப் பிறகு பிய்யவில்லை.

2007ஆம் வருடம் சித்திரையில் எங்கள் குடியிருப்பு மாரியம்மனுக்குத் திருவிழா. எல்லா வருடமும் மூன்று நாள் வீட்டுக்கு வருவாள். அந்த முறை பாலமுருகன் அவராகவே, பத்து நாள் இருந்துவிட்டு வாருங்கள், இத்தனை வருடத்தில் நீங்கள் சரியாக ஓய்வே எடுக்கவில்லை என்றார். மாற்றுக்கு சத்தியபிரியா என்று ஒரு பெண்ணைத் திண்டுக்கல்லில் ஒரு ஏஜென்சி மூலம் ஒரு வாரம் முன்னதாகவே வரவழைத்தார். மகாராணிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். எப்படிப் புரட்ட வேண்டும், எந்தத் தோளைத் தாங்க வேண்டும், மருந்தை எதில் கலக்க வேண்டும், எந்த முக அசைவு வந்தால் கழிவறைக்கு என்று அர்த்தம், எல்லாவற்றையும். பேணி என்றால் அந்தப் பெண்ணுக்குப் புரியாதென்று குவளை என்றே சொல்லி, மூக்குப்பேணியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். கிளம்பும்போது எப்போதும் போல "போயிட்டு" என்றாள். அம்மாள் "வாரேன்" என்று முடித்துப் பையை விட்டார்.

பத்தாம் நாள் பகலில் பாலமுருகனின் டிரைவர் வேலுமணி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் தையல் கடைக்கு வந்தான். தோளில் மகாராணியின் டிரங்குப் பெட்டி.

"ஏலே வேலுமணி, என்னப்பா இது?"

"சிஸ்டர் சாமாண்ணே. சார் குடுக்கச் சொன்னாரு."

"அவதான் நாளைக்கு வெள்ளனே அங்க வரப்போறாளே?"

அவன் என்னைப் பார்க்காமல் தையல் மிஷினைப் பார்த்தான். "இனிமே வர வேண்டியதில்லன்னு சொல்லச் சொன்னாருண்ணே. அந்தப் புதுப் பொண்ணையே வச்சுக்கிட்டாங்க. எனக்குச் சோலி கெடக்கு, வரட்டா" என்று போய்விட்டான்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். யாரோ அவசரத்தில் அடுக்கியிருந்தார்கள். நான் தைத்த வெள்ளைக் கோட்டின்மேலேயே அவளுடைய செருப்புகளை வைத்திருந்தார்கள். அடிப்பாகம் கீழே. ஓரத்தில், கடை அட்டைப்பெட்டியோடு ஒரு பட்டுப்புடவை. விலைச் சீட்டைக் கிழித்திருந்தார்கள்.

அன்று நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது, மகாராணி மாரியம்மன் கோயில் திருநீற்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள், அம்மாளுக்குக் கொண்டுபோக. வேலுமணி சொன்னதைச் சொன்னேன். அவள் பெட்டியைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தம்மாகிட்ட என்னன்னு சொல்லியிருக்காங்களாம்?"

மடித்த திருநீற்றை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு மற்றது எட்டியது.

"என் எடத்துக்கு நானேதாண்ணே ஆளு பழக்கிக் குடுத்துட்டு வந்திருக்கேன்" என்றாள். "சிரிச்ச மொகமா நின்னு பாத்தாரே. நல்லாச் சொல்லிக் குடுங்க சிஸ்டர்னாரே."

மறுநாள் பாலமுருகனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் மரியாதையாகவே பேசினார். அம்மாவைக் கோயம்புத்தூருக்கே கொண்டுபோகப் போவதாகவும், அங்கே நல்ல ஆஸ்பத்திரிகள் பக்கத்தில் இருப்பதாகவும், விடைபெறுகிறேன் என்று இவள் போய் நின்றால் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறும் என்று பயந்துதான் இப்படிச் செய்ததாகவும் சொன்னார். எல்லோருக்கும் இதுதான் சுலபம் என்றார். ஒரே ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று இவள் கேட்டாள்.

"எதுக்கு சிஸ்டர்? அம்மா உங்கள மறந்தே போயிட்டாங்க. ரெண்டு நாள் தேடுனாங்க, அவ்வளவுதான். நீங்களும் மறந்துருங்க. அதுதான் உங்களுக்கு நல்லது."

போனை வைத்துவிட்டு என்னிடம், "மறந்துட்டாங்களாம்" என்றாள். பிறகு, "மறந்துட்டாங்கன்னா நல்லதுதான்" என்றாள். அதை யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் அந்தப் பங்களாவுக்குப் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். தடுத்துவிட்டாள். சண்டைக்குப் போனால் வேலை கேட்டு வந்ததாக நினைப்பார்கள் என்றாள். "வேல போனா வேற வேல கெடைக்கும். வாரேன்னு சொல்லிட்டு வந்துருக்கேண்ணே. அந்தம்மா வாயாலயே சொல்ல வச்சுட்டு வந்துருக்கேன். அதுக்கு என்ன பண்றது?"

அவள் அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் அவளுடைய உடம்பு அந்த வீட்டிலேயே இருந்தது. என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சியை வடிகட்டி, கூழாக்கி, இடது கடைவாயில் புகட்டப் போனாள். நடக்கும்போது யாருக்கும் வலப்பக்கமாகவே நடந்தாள், விழுந்தால் தாங்குவதற்கு. பேச்சு நடுவில் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்ப்பாள், மீதியை நாம் முடிப்போம் என்பது போல. பிறகு அவளுக்கே உறைத்து எழுந்து போய்விடுவாள். பட்டுப்புடவையை அட்டைப்பெட்டியோடு மாரியம்மனுக்குச் சாத்தக் கொடுத்துவிட்டாள். பூசாரி பிரித்துப் பார்த்து நல்ல கலர் என்றார். என்ன கலர் என்று இவள் கேட்கவில்லை.

குடியிருப்பில் சும்மா விடுவார்களா? தண்ணீர்க் குழாயடியில் ராக்காயி, "என்னடி மகாராணி, அரமணையில சீட்டக் கிழிச்சுட்டாங்களாமே?" என்றாள்.

"ஆமாக்கா. மந்திரி வேல காலியாத்தான் கெடக்கு. போறியா?" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். குழாயடி சிரித்தது. வீட்டுக்குள் வந்து, குடத்தை இறக்காமல் நின்றுகொண்டேயிருந்தாள்.

அதைவிடப் பெரிய அடி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விழுந்தது. அந்தப் பங்களாவில் சமையல் பார்த்த சின்னத்தாயி பூம்பாறைக்காரி. ஒன்பது வருடமும் இவளோடு ஒரே அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டவள். பாலமுருகனின் மனைவி சுகன்யா வந்து தங்கி, தன் சமையல் ஆளைக் கொண்டுவந்ததால் அவளையும் அனுப்பிவிட்டிருந்தார்கள். ஊரிலிருந்து மலைப்பூண்டு கொண்டுவந்து சாக்கில் கொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். மகாராணியைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளாகவே சொல்லிவிட்டாள்.

"எனக்கு மொதல்லயே தெரியும் தாயி. நீ அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தப்பவே தெரியும். சொன்னா என் சோலியும் போயிரும்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன். கடைசியில எனக்கும் அதே கெதிதான்."

மகாராணி மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள். "பூண்டு கிலோ எப்படிக்கா?" என்றாள்.

சின்னத்தாயி காசு வேண்டாம் என்றாள். இவள் கேட்கவில்லை. விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பூண்டை எங்கள் வீட்டில் யாரும் உரிக்கவில்லை. முளைவிட்டபின் என் மனைவி கொல்லையில் ஊன்றிவிட்டாள்.

ஆனி மாதம். பள்ளிக்கூடங்கள் திறந்து, சீருடை வேலை குவிந்து கிடந்தது. ஒரு நாள் மதியம் ஓர் இளம்பெண் வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, பை கிழிந்திருக்கிறது, வெரசாகத் தைத்துக் கொடுக்க முடியுமா, போய் மருந்து கொடுக்க வேண்டும் என்றாள். ரெடிமேட் கோட்டு, மெல்லிய துணி. வலப்பக்கப் பை, வெளி ஓரம், மேல்முனை பிய்ந்து தொங்கியது.

நான் கத்திரியைக் கீழே வைத்தேன். "யாரும்மா பிடிச்சு இழுத்தது?"

அவளுக்கு நான் யார் என்று தெரியாது. பேச ஆள் கிடைத்த மாதிரி கொட்டினாள். ஏரிக்கு மேலே ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்வதாகவும், அவர் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பதாகவும், யார் கதவைத் திறந்தாலும் "வா, வா" என்பதாகவும், கிட்டே போனால் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டுவதாகவும் சொன்னாள். எழுந்து போக முயன்றால் பையைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லையாம்.

"அப்புறம் ஒரு பேரு சொல்லிக்கிட்டே இருக்காங்க அங்கிள். பேணி, பேணின்னு. யாரு பேணின்னு சார கேட்டேன். பழைய வேலக்காரங்க யாராச்சும் இருக்கும்னாரு. தண்ணி குடுத்தா துப்புறாங்க. அப்பவும் பேணிதான்."

"ஒரு பித்தளக் குவளை இருந்துச்சே, மூக்கு வச்சது?"

"ஆமா, பழைய சிஸ்டர் அதுலதான் குடுப்பாங்க. மேடம் அத பரண்ல போட்டுட்டாங்க. பித்தளை பச்ச பூக்கும்னு சொல்லி பிளாஸ்டிக் கப் வாங்கியிருக்காங்க." அதற்குப் பிறகுதான் என்னை நன்றாகப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் குவளைக்குத்தான் பேணி என்று பேர் என்றும், அதை விட்டுவிட்டு வந்தவள் என் தங்கை என்றும் சொன்னேன். பை முனைக்குள் துண்டுத் துணி கொடுத்து முக்கோணமாகத் தைத்துக் கொடுத்தேன். அவள் கூலி கொடுக்க மறந்து போனாள். நானும் கேட்கவில்லை. போகும்போது, நாளை மறுநாள் பாட்டியை ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மகாராணி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் முதன்முதலாகக் கோபத்தைப் பார்த்தேன்.

"மறந்துட்டாங்கன்னு சொன்னாரே. அத நம்பி, மறக்கட்டும் மறக்கட்டும்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தேனே. என்னையவும் ஏமாத்தி, என்னைய வச்சு அந்தம்மாவையும் ஏமாத்தியிருக்காங்க."

மறுநாள் காலை அவள் புடவைக்கு மேல் பழைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். இது எதற்கு என்று கேட்டேன். "அம்மா பிடிக்க வேணும்ல" என்றாள்.

நாங்கள் போனபோது பங்களாவில் மூட்டை முடிச்சாகச் சாமான்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. பாலமுருகன் எங்களைப் பார்த்ததும் தடுமாறினார். உள்ளே விடமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவருக்கும் ஒரு தேவை இருந்தது. அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வண்டியில் ஏற்ற முடியுமா என்றே பயமாக இருக்கிறது என்றார். நல்லதுக்குத்தான் செய்தோம் என்று மறுபடி சொன்னார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாருங்க சிஸ்டர். சாப்பிட வைங்க. ஆனா கெளம்பும்போது, எப்பவும் சொல்வீங்கல்ல, போயிட்டு வாரேன்னு, அதச் சொல்லிருங்க. அப்பத்தான் கைய விடுவாங்க. நாளைக்கு நாங்க நிம்மதியாப் போவோம்."

அம்மாள் சன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பின்னலை வெட்டி, தலையை ஒட்டக் கத்தரித்திருந்தார்கள். மகாராணி வாசலில் நின்றதும் பார்த்தார். பார்த்துவிட்டு, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இத்தனை நாள் யாருக்காக "வா, வா" என்றாரோ அவள் வந்து நிற்கிறாள். முகத்தைக் காட்டவில்லை. நான் வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். மகாராணி போய் எதிரே தரையில் உட்கார்ந்தாள். என் கடைக்கு வந்த அந்தப் பெண், சத்தியபிரியா, பரணிலிருந்து பேணியை எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள். சுகன்யா வழிவிட்டு ஒதுங்கி நின்றார். தேத்தண்ணியை ஆற்றி ஊற்றி, மகாராணி மூக்கை இடது கடைவாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கை வலித்திருக்கும். அசைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, முகம் சன்னலைப் பார்த்தபடியே, வாய் மட்டும் திறந்தது.

முழுவதும் குடித்தார். கொய்யாக் கூழும் சாப்பிட்டார். எப்படிச் செய்வது என்று மகாராணி மறுபடியும் சத்தியபிரியாவுக்குக் காட்டிக் கொடுத்தாள். இந்த முறை தெரிந்தே காட்டிக் கொடுத்தாள். பேணியையும் அவள் கையில் கொடுத்து, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோ, பரணில் போட விடாதே என்றாள். அம்மாள் அதற்குள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார். இடது கை வந்து கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டது.

மகாராணி எழுந்து நின்றாள். பாலமுருகன் கதவோரம் வந்து நின்றார்.

"அம்மா, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டுப் போகல. அன்னைக்கு எனக்கே தெரியாது. இன்னைக்குத் தெரியும்." அந்தக் கையைத் தொட்டாள். "நான் போறேன்மா."

நம்மில் யாரும் விடைபெறும்போது அந்தச் சொல்லைத் தனியாகச் சொல்வதில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் "வாரேன்" என்பதைச் சேர்த்துத்தான் சொல்வோம். சாவு வீட்டில்தான் ஒன்றும் சொல்லாமல் கிளம்புவோம்.

"சிஸ்டர்" என்றார் பாலமுருகன் பின்னாலிருந்து.

அம்மாள் இவளுடைய வாயையே பார்த்தார். ஏதோ மறந்துவிட்டாள், தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் போல. "வா…" என்றார். இன்னும் சிரமப்பட்டு, "வா… ரேன்" என்று முழுதாகச் சொல்லிக் கொடுத்தார்.

மகாராணி தலையை ஆட்டினாள். "வாரேன் இல்லம்மா. போறேன். என்னைய வர விடமாட்டாங்க."

கை பையை விடவில்லை. பழைய துணி, ஆனால் என் தையல். கிழிந்தாலாவது கிழிந்து தொலையட்டுமே என்று நினைத்தேன். முக்கோணத் தையல் அப்படியே நின்றது. சுகன்யா முன்னால் வந்து, கோட்டைக் கழற்றி அவர் கையிலேயே விட்டுவிட்டு நைசாகப் போய்விடுங்கள் சிஸ்டர் என்று மெல்லச் சொன்னார். மகாராணி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பின்வாங்கிவிட்டார்.

அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே சாமான் ஏற்றுகிறவர்களின் சத்தம் ஓய்ந்து மறுபடி கேட்டது. அம்மாள் அவள் முகத்தையும் பாலமுருகன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மகனைப் பார்த்தபோது நெடுநேரம் பார்த்தார். பிறகு மகாராணியிடம் திரும்பி, தெளிவாக, "போ" என்றார். விரல்கள் ஒவ்வொன்றாகப் பையை விட்டன.

மகாராணி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். ஏரிக்கரை வரை நடந்தோம். குதிரைக்காரர்கள் நிற்கும் இடத்தில் கேட்டாள்.

"கோவமாச் சொன்னாங்களாண்ணே?"

"தெரியலம்மா."

"எனக்கும் தெரியல" என்றாள். "கோவமா இருந்தாலும் எங்கிட்ட இல்ல. அது போதும்."

மறுநாள் ஆம்புலன்ஸ் இறங்கிப் போனது. அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. அம்மாள் இருக்கிறாரா என்றுகூட யாரும் சொல்லவில்லை. பாலமுருகன் எண்ணை மாற்றிவிட்டார். சின்னத்தாயி இப்போதும் சந்தைக்கு வருகிறாள். மகாராணி அவளிடம் பூண்டு வாங்குகிறாள், விலை கேட்டு, எடை பார்த்து, மற்ற கடைகளில் வாங்குவது போல.

ஆறு மாதம் கழித்து அவள் வேறு வீட்டுக்குப் போனாள். ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியருக்கு இடுப்பு எலும்பு முறிவு. தங்கிப் பார்க்க மாட்டேன், பகலில் மட்டும்தான் வருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். புதுக் கோட்டுத் தைத்துக் கொடுத்தேன். பை வேண்டாம் என்றாள். வைக்கவில்லை.

போன வாரம் அந்த ஆசிரியரின் மனைவி ரவிக்கைக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தார். உங்கள் தங்கை மாதிரி ஒருத்தி கிடைக்க மாட்டாள், சார் இப்போது கம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று புகழ்ந்தார். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"சாயங்காலம் கெளம்பும்போது மட்டும் ‘நான் போறேன்’னு சொல்லிட்டுப் போறாங்க தம்பி. வயசானவரு படுத்திருக்கிற வீட்டுல கேக்கவே திக்குனு இருக்கு. மறுநாள் காலையில வந்து நின்னு, ‘வந்துட்டேன்’னு சொல்றாங்க. அதையே மொத நாளு ‘போயிட்டு வாரேன்’னு சேத்துச் சொன்னா என்ன? நீங்க சொல்லக் கூடாதா?"

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். ரவிக்கைக்குக் கை நீளம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். மகாராணியிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.